வியன்னாவுக்குப் போகும் வழியில் திருப்பதி

வீட்டில் யார் தும்மினாலும் 'நூறு வயசு' என்று சொல்லிவிட்டு மறுபடி பேப்பருக்குள் தலையை விட்டுக்கொள்ளும் என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் நாலு மாதம் ஆகப்போகிறது. இத்தனை நாளும் உங்களுக்கு எழுதத் தோன்றவில்லை. அழுகை வந்திருந்தால் எழுதியிருப்பேன். எனக்கு வருவது அழுகை இல்லை அப்பா, அருவருப்பு. சாதத்தைப் பிசைந்தால் புரட்டிக்கொண்டு வருகிறது. பாதியில் எழுந்து கை கழுவிவிடுகிறேன். பார்க்கிறவர்கள் 'அப்பா ஏக்கம்' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் மறுப்பதில்லை. அதுவும் ஒரு பொய்தானே?

உங்களுக்கு மட்டும் எழுதிப் பெட்டிக்குள் போட்டுவைத்திருக்கலாம். ஆனால் போன மாதம் அண்ணன் நம் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் ஆங்கிலத்தில் ஒரு ஈமெயில் அனுப்பினான். 'அப்பாவின் கடைசிக் கனவு' என்று தலைப்பு. உங்கள் அஸ்தியில் ஒரு பங்கை வியன்னாவுக்கு எடுத்துப்போய் டான்யூப் நதியில் கரைக்கப்போகிறானாம். உங்களோடு சேர்ந்து பார்க்க முடியாத ஊரை உங்களைச் சுமந்துகொண்டாவது பார்க்கப்போகிறானாம். திருநெல்வேலியிலிருந்து, சென்னையிலிருந்து, நியூஜெர்சியிலிருந்து பதில்கள். 'பெத்தா இப்படி ஒரு பிள்ளையப் பெறணும்.' ஒவ்வொன்றையும் படித்தேன். அதனால்தான் இந்தக் கடிதத்தையும் அதே ஆட்களுக்கு அனுப்பப்போகிறேன். முதலில் நீங்கள் படியுங்கள்.

வியன்னா நம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அப்போது நாம் இந்தத் தெலுங்கு ஊரில் மௌலா அலி பக்கம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நீங்கள் ஆய்வுக்கூடத்தில் உலோகத் துண்டுகளை அறுத்து, தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவீர்கள். அந்த மாதிரி ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு பெரிய அதிகாரிகள் வியன்னாவுக்கு அணுசக்திக் கூட்டத்துக்குப் போவார்கள். உங்கள் கிரேடுக்கு அந்தப் பயணம் கிடையாது. அதில் உங்களுக்கு வருத்தம் இருந்ததா? நான் கேட்டதில்லை. ஒருமுறை திரும்பி வந்த ஒருவர் அந்த ஊர் டிராம் வரைபடம் ஒன்றை உங்கள் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் அதைச் சாப்பாட்டு மேஜையில் விரித்துப்போட்டு, அம்மா ரசம் கொண்டுவந்தபோது, "பாத்து, பாத்து, ஊர் மேல ஊத்திராத" என்றீர்கள்.

அம்மா போனாள். நீங்கள் ரிட்டயர் ஆனீர்கள். அல்வாலில் இந்த ஃப்ளாட்டுக்கு வந்தோம். பிராட்பேண்ட் இணைப்பு வந்த வாரத்திலிருந்து காலை டிபன் முடிந்ததும் நீங்கள் வியன்னாவுக்குக் கிளம்பிவிடுவீர்கள். நான் ஆபீஸுக்கு. எனக்கு டிபென்ஸ் கணக்கு அலுவலகத்தில் வேலை, போக வர ஒரே பஸ். உங்களுக்கோ தினம் ஒரு டிராம். எந்த அருங்காட்சியகம் என்றைக்கு மூடியிருக்கும், மே மாதத்தில் எத்தனை மணிக்கு இருட்டும், ராட்சத ராட்டினத்தில் ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம், எல்லாம் உங்கள் ரூல் போட்ட நோட்டில் ஏறியது.

"ஏட்டி கோமதி, இங்க வா. இந்தப் பக்கம் பாரு, பல நூறு வருசத்துக் கோயில். நேர் எதிர்த்தாப்ல புதுசா ஒரு கண்ணாடிக் கட்டடம். கோயில் அப்படியே அந்தக் கண்ணாடியில விழுதாம். பழசும் புதுசும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டே நிக்கி" என்று நீங்கள் சொன்ன அன்று நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்திருந்தேன். பொங்கிவிட்டது. நீங்கள் கவனிக்கவேயில்லை.

ஒரு சின்ன ஓட்டலுக்கு நீங்களே போன் போட்டுப் பேசினீர்கள். அந்த நாட்டுக் குறியீட்டு எண் நாற்பத்து மூன்று என்று எனக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டு, காதில் ரிசீவரை அழுத்திக்கொண்டு, ரைஸ் குக்கர் கொண்டுவரலாமா என்று ஒரு அம்மாளிடம் கேட்டீர்கள். அந்த அம்மாள் தாராளமாக என்று சொல்லியிருக்கிறாள். போனை வைத்துவிட்டு நீங்கள் சிரித்த சிரிப்பு மாதிரி அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்த்ததில்லை.

அண்ணன்தான் அழைத்துப்போவதாகச் சொன்னான். நீங்கள் சண்முகம் என்று பெயர் வைத்த பிள்ளை ஹைடெக் சிட்டியில் ஷான் ஆகி, புராஜெக்ட் மேனேஜர் ஆகி, கொண்டாபூரில் நீச்சல்குளம் வைத்த அடுக்குமாடியில் குடியேறியிருந்தான். "நீங்க பிளான் போடுங்கப்பா, நான் டிக்கெட் போடுறேன்" என்றான். மே மாதம். நீங்கள், அவன், உமா மதினி, ஏழு வயது ஷ்ரேயா. எனக்கு வெளிநாடு போக ஆபீஸ் அனுமதி வரவில்லை. "அடுத்த தடவை நீயும் நானும் போவோம்ட்டி" என்றீர்கள்.

ஏப்ரலில் போவன்பள்ளி மார்க்கெட்டில் தக்காளிப் பையோடு நீங்கள் சரிந்து விழுந்தீர்கள். ஆஸ்பத்திரி, ஸ்டென்ட், ஐந்து நாள். டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். மூன்று மாதம் விமானப் பயணம் கூடாது. மனதுக்கு அதிர்ச்சி தரும்படி எதுவும் சொல்லக் கூடாது.

இரண்டாவதைத்தான் அண்ணன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரி கேன்டீனில் அண்ணன், மதினி, நான் மூன்று பேரும் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "கோமு, ஜூன்ல புராஜெக்ட் லைவ் போகுது. இந்த லீவு திரும்பக் கிடைக்காது. ஷ்ரேயா கிளாஸ் முழுக்கச் சொல்லிவெச்சிருக்கா" என்றான்.

"போயிட்டு வாங்க. யாரு வேண்டாம்னா? அப்பாகிட்ட சொல்லிட்டுப் போங்க."

"டாக்டர் என்ன சொன்னாரு? ஷாக் குடுக்கக் கூடாதுன்னாரா இல்லியா?"

மதினி கரண்டியால் டீயைக் கலக்கிக்கொண்டே சொன்னாள். "திருப்பதின்னு சொல்லிடலாங்க. மாமாவுக்காக வேண்டிக்கிட்டிருக்கோம், அப்படியே வேலூர்ல எங்கப்பா வீட்டுக்கும் போறோம்னா எட்டு நாள் சரியா வரும். மாமாவுக்கும் சந்தோஷம்."

"ஹவ், அதான் கரெக்ட். டென்ஷன் நக்கோ கோமு. நீ மட்டும் வாயத் திறக்காம இரு" என்றான் அண்ணன். ஆமாம், வேண்டாம் என்பதெல்லாம் அவனுக்கு இந்த ஊர் உருதுவில்தான் வரும்.

நான் "சரி" என்றேன். டீ ஆறி மேலே ஆடை கட்டியிருந்தது. அதை ஒதுக்கிவிட்டுக் குடித்தேன். அந்தச் 'சரி'யைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அண்ணன் உங்கள் கட்டில் ஓரம் உட்கார்ந்து, வியன்னா ரத்து ஆகிவிட்டது, அடுத்த வருஷம் பார்ப்போம் என்றான். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை அந்த ஈமெயில் படித்த எல்லோரும் கேட்கட்டும். "எனக்காக எதுக்குல நிப்பாட்டுத? நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்களேன். பிளான்தான் இருக்கே. நான் படத்துல பாத்துக்கிடுதேன்" என்றீர்கள்.

பயணத்தை நீங்களே கொடுத்தீர்கள் அப்பா. கேட்காமலே கொடுத்தீர்கள். அவன் வாங்கிக்கொண்டிருக்கலாம். அவனோ உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லாம நாங்க எப்படிப்பா போவோம்?" என்றான். கண்ணில் தண்ணீர் வேறு. அவன் தலையில் கை வைத்தீர்கள். நான் கதவுப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்குப் பயணமும் வேண்டும், அப்பாவுக்காகப் பயணத்தை விட்டவன் என்ற பெருமையும் வேண்டும். இதைவிட அசிங்கமான ஒன்றை நான் பார்த்ததில்லை என்று அன்று நினைத்தேன். அதற்குப் பிறகு நானே செய்ததை அப்போது நான் பார்த்திருக்கவில்லை.

அவர்கள் கிளம்பினார்கள். ஷம்ஷாபாத்தில் புதிதாகத் திறந்திருந்த விமான நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் மதினி காருக்குள் பிள்ளைக்குப் பாடம் நடத்தியிருக்கிறாள். எங்கே போனோம் என்று தாத்தா கேட்டால் என்ன சொல்லணும்? சாமி எப்படி இருந்தார் என்று கேட்டால்? இதை ஷ்ரேயாவே பின்னால் என்னிடம் சொன்னாள்.

நாலாம் நாள் சாயங்காலம் போன் வந்தது. நம் லேண்ட்லைன் போனில் எண் தெரியும் சின்னத் திரை உண்டே. நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு சைபர், நாலு, மூணு. நீங்கள் கண்ணாடி போட்டிருக்கக் கூடாதே என்று நினைத்தேன். போட்டிருந்தீர்கள். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, வழக்கம்போல் ஸ்பீக்கரில் போட்டீர்கள்.

"ஏல சம்முகம், எங்கருந்து பேசுத?"

"திருப்பதிலேர்ந்துதான்ப்பா. செல்லுக்கு இங்க சிக்னலே இல்ல. ஹோட்டல் போன்லேர்ந்து பேசுறேன்."

"தரிசனம் ஆச்சா?"

"சூப்பரா ஆச்சுப்பா. மூணு மணி நேரம் க்யூ. உங்களுக்காக வேண்டிக்கிட்டேன்."

அவன் குரலுக்குப் பின்னால் ஒரு மணி அடித்தது. கோயில் மணி இல்லை. டிராம் மணி என்று எனக்கு அப்போது தெரியாது, உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

"பிள்ளைக்கு ஸ்வெட்டரக் கழட்டாமப் பாத்துக்கோ. சாயங்காலம் ஆத்துக் காத்து அடிக்கும். அவளுக்கு ஆவாது" என்றீர்கள்.

"இங்க... செம வெயில்ப்பா."

"ஆமாமா. வெயில்தான். சரி, வச்சிருதேன்."

ஒரு பொத்தானை அமுக்கி அந்த எண்ணைத் திரையிலிருந்து அழித்தீர்கள். என் பக்கம் திரும்பி, "அந்தத் துண்ட இங்க குடு" என்றீர்கள். கொடுத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு டிவியைப் போட்டீர்கள். நான் மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் உங்களுக்குத் தெரியும். இடையில் நாலு அடி தூரம். ஏன் சொல்லவில்லை? அண்ணனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றா? உங்கள் இதயம் தாங்காது என்றா? இரண்டும் இல்லை. நானும் கூட்டு என்பது வெளியே வந்துவிடும் என்ற பயம். அவ்வளவுதான்.

அவர்கள் திரும்பும் முந்தின நாள் அண்ணன் என் செல்போனுக்குச் செய்தி அனுப்பினான். லட்டு வேண்டும், மறந்துவிட்டது, நீ ஏற்பாடு செய்துவிடு. செய்தேன் அப்பா. போவன்பள்ளியில் ஒரு மிட்டாய்க் கடையில் நாலு பெரிய லட்டு வாங்கினேன். கோயில் லட்டு மாதிரி இருக்க வேண்டும் என்று என் கையாலேயே பச்சைக் கற்பூரம் பொடித்து அதன்மேல் தூவினேன். ஒன்றை வேண்டுமென்றே உடைத்தேன். தெலுங்குப் பேப்பரில் சுற்றினேன். இதெல்லாம் உங்களுக்குக் கஞ்சி வைக்கும் அதே அடுப்படியில் நின்று செய்தேன். நீங்கள் முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தீர்கள்.

மறுநாள் வந்தார்கள். அண்ணன் மூக்கு குளிர்காற்றில் காய்ந்து தோல் உரிந்திருந்தது. நெற்றியில் நாமம். "பிரசாதம்ப்பா" என்று நீட்டினான். நீங்கள் சட்டென்று எழுந்து செருப்பைக் கழற்றினீர்கள். இரண்டு கையாலும் வாங்கினீர்கள். கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். ஒரு துளி வாயில் போட்டுக்கொண்டு, எனக்கும் கொஞ்சம் கிள்ளித் தந்தீர்கள். "சாப்பிடுட்டி. நல்லா மணக்கு" என்றீர்கள். நான் தின்றேன்.

ஷ்ரேயாவை மடியில் உட்கார்த்திக்கொண்டு, "சாமி எப்படி இருந்தாவ?" என்று கேட்டீர்கள். அது ஆங்கிலத்தில் மளமளவென்று ஒப்பித்தது. கறுப்பாக இருந்தாராம், பெரிய கிரீடமாம், நிறைய வைரமாம். சொல்லிக்கொண்டே தன் அம்மா முகத்தைப் பார்த்தது. பிள்ளை மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. நீங்கள் அதைப் பார்த்தீர்கள். "போதும் போதும். எந்தங்கம் போய் விளையாடு" என்று மடியிலிருந்து இறக்கிவிட்டீர்கள். அதன்பிறகு அந்தப் பயணத்தைப் பற்றி அந்தக் குழந்தையிடம் நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொய் சொல்ல வைத்தவர்கள் நாங்கள் மூன்று பெரியவர்கள். அது மேலும் பொய் சொல்ல வேண்டாமே என்று கேள்வியை நிறுத்தியவர் நீங்கள் ஒருவர்.

ஜூன் முடிவில் பழைய பேப்பர்காரர் வந்தபோது வியன்னா நோட்டு, வரைபடம், அச்செடுத்த தாள்கள் எல்லாவற்றையும் தராசில் வைத்தீர்கள். "ஏம்ப்பா?" என்றேன். "எடத்த அடைக்கி" என்றீர்கள்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நீங்கள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தீர்கள். தலை நிமிராமல் கேட்டீர்கள்.

"ஏட்டி கோமதி, எங்கிட்ட ஏதும் சொல்லணுமா?"

"இல்லப்பா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. கேட்டேன்."

மிச்சப் பீன்ஸையும் நறுக்கி முடித்தீர்கள். ஒரே அளவில். ஆகஸ்டில் ஒரு காலை, குளித்துவிட்டு வந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே போய்விட்டீர்கள்.

அண்ணன் காரியங்களை நன்றாகச் செய்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். அஸ்தியைக் கோதாவரியில் கரைத்தான். ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் மட்டும் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டான். எதற்கு என்று அந்த ஈமெயில் வந்தபோதுதான் தெரிந்தது. டிசம்பரில் போகிறார்கள். "கிறிஸ்துமஸ் சந்தை அப்ப சூப்பரா இருக்கும் கோமு. மே மாசம் போனப்ப மிஸ் பண்ணிட்டோம்" என்றான். கொஞ்சமும் கூசாமல் சொன்னான். இந்தமுறை எனக்கும் ஆபீஸ் அனுமதி வந்துவிட்டது. நீயும் வா என்றான்.

நான் சரி என்றேன். ஆமாம் அப்பா, மறுபடியும். அந்த ஊரைப் பார்க்கும் ஆசை எனக்கும் இருந்தது. உங்கள் அஸ்தியைச் சாக்காக வைத்துக்கொண்டு ஊர் பார்க்க நானும் தயாராகத்தான் இருந்தேன்.

விசா படிவம் நிரப்பக் கொண்டாபூர் போயிருந்தேன். அண்ணன் மடிக்கணினியில் ஒவ்வொரு வரியாக வாசித்தான். பயண நோக்கம் என்று வந்தது. "டூரிசம்னு போடு. அஸ்தி கிஸ்தின்னு எழுதிராத. கேள்வி மேல கேள்வி கேப்பான்" என்றான்.

"டப்பாவ ஏர்போர்ட்ல பாத்தா?"

"விபூதின்னு சொல்லிடலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

மதினி ஊறுகாய்க்கு மூடி இறுக்குவதைப் பற்றிப் பேசுவது போல, "செலோடேப் போட்டு ஒட்டி, பூஜை சாமான் பையில வெச்சிடலாம்" என்றாள்.

தரையில் படம் வரைந்துகொண்டிருந்த ஷ்ரேயா தலையைத் தூக்கினாள். "திருப்பதி லாகா, நான்னா?" என்று தெலுங்கில் கேட்டாள். திருப்பதி மாதிரியா அப்பா? அவ்வளவுதான் கேட்டாள். குறும்பு இல்லை, குத்தல் இல்லை. வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது, இதுவும் அந்த வழக்கம்தானா என்று தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல்.

வாஷ்பேசினுக்கு ஓடினேன். வந்து என் பாஸ்போர்ட்டை எடுத்துப் பைக்குள் போட்டேன். பூஜை அலமாரியில் இருந்த டப்பாவையும் எடுத்தேன்.

"என்ன நாடகம் இது?" என்றான்.

"அப்பா உயிரோட இருக்கும்போது உனக்குத் திருப்பதி தேவைப்பட்டுச்சு. செத்த பிறகு அவங்கள விபூதின்னு சொல்லிக் கொண்டுபோகணுமா? ஒரு தடவையாவது அவங்க பேரச் சொல்லேன். நாக்கு அழுகிடுமா?"

"பெரிய அரிச்சந்திரி! நீயும்தான் கூட இருந்த. லட்டு யாரு வாங்கினா?"

"நான்தான். கற்பூரம் தூவினதும் நான்தான். அதனாலதான் சொல்றேன்."

அவன் முகம் சுருங்கியது. "அவர் ஹார்ட்டுக்காகத்தானே செஞ்சோம்" என்றான் மெதுவாக. அவன் அதை நம்புகிறான் அப்பா. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் குமட்டுகிறது. பொய் சொல்கிறவனைத் திட்டலாம். தன் பொய்யைத் தானே தின்று செரித்துவிட்டவனை என்ன செய்வது?

வீட்டுக்கு வந்ததும் திருநெல்வேலிக்குச் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். உங்கள் ஒரே தம்பி. அந்த ஈமெயிலைப் பேரனை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டு அழுதவர். அவருக்காவது உண்மை தெரியட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "தெரியும் தாயி" என்றார்.

"என்ன தெரியும்?"

"எல்லாந்தான். போன் வந்த அன்னைக்கே அண்ணன் எனக்குப் பேசிட்டாவ. 'எம் மவன் வியன்னாத் திருப்பதிக்குப் போயிருக்காம்ல'ன்னு சிரிச்சாவ."

"ரொம்பக் கோவமா இருந்தாங்களா சித்தப்பா?"

"சம்முகத்து மேல கோவமே இல்ல. அவன் சின்னதுலருந்தே அப்படித்தான, அவனுக்கு நல்லபேரு வேணும்னு சொல்லி விட்டுட்டாவ. ஒண்ணுதான் திருப்பித் திருப்பிச் சொன்னாவ. 'கோமதி சொல்லிருவா. அவ எங்கிட்ட மறைக்க மாட்டா. இன்னைக்கு இல்லன்னா நாளைக்குச் சொல்லிருவா'ன்னு. வாரா வாரம் போன் போடும்போதெல்லாம் நான் கேப்பேன், சொன்னாளாண்ணேன்னு. இன்னும் இல்லடே, சொல்லிருவாம்பாவ."

"கடைசியாப் பேசும்போதும் அப்படித்தான் சொன்னாங்களா?"

"கடைசியில நான் கேக்கல தாயி. அவுகளும் சொல்லல."

போனை வைத்துவிட்டு நின்றேன். அத்தனை நாளும் அண்ணனைப் பார்த்து அருவருத்ததெல்லாம் ஒரு வசதி என்று அப்போதுதான் தெரிந்தது. அவனிடம் நீங்கள் எதையும் எதிர்பார்க்கவேயில்லை. எதிர்பார்த்தது என்னிடம். மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை, ஒரே வீட்டில், ஒரே மேஜையில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். நான் உங்களுக்கு மாத்திரை எடுத்துக்கொடுத்தேன், கஞ்சி வைத்தேன், கால் பிடித்துவிட்டேன். நீங்கள் கேட்டதை மட்டும் தரவில்லை.

இப்போது சொல்கிறேன். அப்பா, அவர்கள் திருப்பதிக்குப் போகவில்லை. வியன்னாவுக்குப் போனார்கள். எனக்கு முதலிலிருந்தே தெரியும். இவ்வளவுதான் இருந்தது சொல்ல. ஒரு மூச்சில் முடிகிற விஷயம்.

போன சனிக்கிழமை அந்த டப்பாவோடு கோதாவரிக்குப் போய்க் கரைத்துவிட்டு வந்தேன். ஷ்ரேயாவும் வந்தாள். அண்ணன் தடுக்கவில்லை, வரவும் இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாத்தா உங்களைப் போய்விட்டு வரச் சொன்னார் என்பதையும், நாங்கள் பொய் சொன்னோம் என்பதையும், உன்னையும் சொல்ல வைத்தோம், அது எங்கள் தப்பு, உன் தப்பு இல்லை என்பதையும். அவளுக்குத் தமிழ் முழுக்கப் புரியும், பதில்தான் வேறு மொழியில் வரும். ஆங்கிலத்தில் கேட்டாள், தாத்தாவுக்குத் தெரியுமா என்று. தெரியும் என்றேன். அப்படியென்றால் ஏன் என்மேல் கோபப்படவில்லை என்றாள். தெரியவில்லை என்றுதான் சொன்னேன்.

அவர்கள் டிசம்பரில் போகத்தான் போகிறார்கள். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. 'அப்பாவின் நினைவாக' என்று இப்போது தலைப்பை மாற்றிக்கொண்டான். நான் போகவில்லை. என்றாவது ஒருநாள் நானே போவேனா, தெரியாது. இப்போதைக்கு அந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே வாயில் பச்சைக் கற்பூரம் கசக்கிறது. அண்ணனை நான் மன்னிக்கவில்லை. என்னையும். நீங்கள் மன்னித்திருப்பீர்கள். அது உங்கள் சுபாவம், அதில் நான் பங்கு கேட்க முடியாது.

ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குத் தருகிறேன். ஷ்ரேயா நேற்று போன் செய்து, "அத்தை, நான் எது கேட்டாலும் நீ உண்மையைத்தான் சொல்வியா?" என்றாள். அந்தக் கேள்வியை மட்டும் தட்டுத்தடுமாறித் தமிழிலேயே கேட்டாள். சொல்வேன் என்றேன். அவள் வளர வளரக் கேள்விகளும் வளரும், சிலதில் என் மானம் போகும். போகட்டும். நான் சொல்லிவிடுவேன் என்று நம்பிக்கொண்டு இன்னொரு உயிர் என் எதிரே காத்திருக்க விட மாட்டேன். அன்றைக்கே சொல்வேன், அவள் கேட்கும் முன்பே சொல்வேன்.

உங்களை மூன்று மாதம் காக்க வைத்த உங்கள் மகள்,
கோமதி